பாட்டைக் கேட்டால் புத்தகம் நினைவுக்கு வருவது ஏன்? அதை நாமே உண்டாக்க முடியுமா?

கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் வளர்ந்து இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறார். பள்ளி விடுமுறை ஒன்றில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தடிமனான ஒரு நாவலைப் படித்திருக்கிறார். அந்த நாட்களில் பக்கத்துத் தெருக் குழாய் ரேடியோவில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கே காதில் விழுந்தாலும் நாவலின் ஒரு காட்சியும் கடற்காற்றும் சேர்ந்து எழுந்து வருகின்றன. கதைக்கும் பாட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அவர் கேட்டது மூன்று: இது ஏன் நடக்கிறது? ஊருக்குப் போய் அதே திண்ணையில் உட்கார்ந்தபோது ஒன்றுமே வரவில்லையே, அது ஏன்? இனிப் படிக்கும் புத்தகங்களுக்கு இப்படி ஒரு பிடிப்பை வேண்டுமென்றே உண்டாக்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் செய்முறை புரியும்.

மூளை ஒரு விஷயத்தை நினைவில் வைக்கும்போது அதை மட்டும் தனியாகப் பெயர்த்து எடுத்து வைப்பதில்லை. அந்த நேரத்தில் இருந்த இடம், சத்தம், வெயில், மனநிலை எல்லாம் கூடவே பதிகின்றன. இவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதில் முக்கியப் பங்கு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு. நாம் எங்கே இருக்கிறோம் என்பதற்கான கணக்கை வைத்திருப்பதும் அதே பகுதிதான். எலியின் ஹிப்போகாம்பஸில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்கள் இருப்பதை ஜான் ஓகீஃப் 1971இல் காட்டினார். அந்த வழியில் வந்த ஆய்வுகளுக்காக அவருக்கும் மோசர் தம்பதிக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இடமும் நிகழ்ச்சியும் மூளையின் ஒரே பகுதியில் கையாளப்படுகின்றன என்றால், படித்த கதையோடு படித்த இடமும் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. கட்டிய பிறகு ஒரு நுனியை இழுத்தால் மற்றவையும் கூட வரும். எந்த நுனி நினைவைத் திறக்கும் என்பது, பதிந்த நேரத்தில் அது அங்கே இருந்ததா என்பதைப் பொறுத்தது. டல்விங், தாம்சன் என்ற இருவர் 1973இல் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்கள்.

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சோதனை கடலுக்கு அடியில் நடந்தது. கீழக்கரை, பெரியபட்டினம் சங்குகுளிக்காரர்களிடம் சொன்னால் உடனே பிடிபடும் சோதனை அது. 1975இல் காடன், பேடிலி என்ற இரு ஆய்வாளர்கள் மூழ்காளர்களுக்கு 36 சொற்களைக் கேட்கவைத்தார்கள், சில முறை கரையில், சில முறை தண்ணீருக்குள். கரையில் கேட்டுக் கரையிலேயே நினைவுகூர்ந்தபோது சராசரியாக 13.5 சொற்கள் வந்தன. கரையில் கேட்டதைத் தண்ணீருக்குள் நினைவுகூரச் சொன்னால் 8.6தான். தண்ணீருக்குள் கேட்டதற்கும் அப்படியே: தண்ணீருக்குள்ளேயே நினைவுகூர்ந்தால் 11.4, கரைக்கு வந்தால் 8.4. இதோடு நிறுத்திக்கொண்டால் அரைகுறைத் தகவல் ஆகிவிடும். அதே இருவரும் 1980இல், சொற்களைத் தாங்களாக நினைவுகூரச் சொல்லாமல், காட்டிய சொல் முன்பு கேட்டதா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். அப்போது இடம் மாறியதால் எந்த வித்தியாசமும் வரவில்லை. 2021இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பழைய சோதனையைத் திரும்பச் செய்து பார்த்ததில் பழைய முடிவு கிடைக்கவும் இல்லை. பல சோதனைகளைத் தொகுத்து 2001இல் வந்த கணக்கு, இடத்தின் விளைவு உண்மைதான், ஆனால் சராசரியில் சிறியது என்கிறது. ஆகவே இடத்தை மந்திரக்கோல் என்று நம்ப வேண்டாம். சில சூழ்நிலைகளில் மட்டும் பலமாக வேலை செய்யும். எந்தச் சூழ்நிலையில் என்பதுதான் நமக்கு வேண்டியது.

படிப்பில் ஒரு விசித்திரம் உண்டு. கதைக்குள் முழுதாக மூழ்கியிருக்கும்போது சுற்றுப்புறம் அவ்வளவாகப் பதிவதில்லை. கவனம் முழுவதையும் பக்கம் எடுத்துக்கொள்கிறது, இடத்துக்கு மிச்சம் ஏதும் இல்லை. அப்படியானால் இடமும் பாட்டும் எப்போது ஒட்டுகின்றன? தலையைத் தூக்கும்போது. அத்தியாயம் முடிந்து விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதிரே பார்க்கிறோமே, தண்ணீர் குடிக்க எழுகிறோமே, ஒரு திருப்பம் தாங்க முடியாமல் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைக்கிறோமே, அந்த இடைவெளிகளில்தான். கதையின் சூடு ஆறியிருக்காது, காதும் கண்ணும் வெளியே திறந்திருக்கும். கேட்டவருக்கு நாவல் முழுவதும் வராமல் ஒரு காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காட்சி முடிந்த இடத்தில் அவர் தலையைத் தூக்கியிருப்பார், குழாய் ரேடியோ பாடிக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்தது பாட்டு. பாட்டுக்கு இடத்திடம் இல்லாத ஒரு வசதி: எங்கே போனாலும் அதே நீளம், அதே வேகம், அதே வரிசை. இடம் வெயிலுக்கு ஒரு முகம் காட்டும், மழைக்கு ஒரு முகம் காட்டும். ஒலிப்பதிவு மாறாது. எல்லாப் பாட்டும் நினைவைக் கிளறிவிடாது. பிரபலப் பாட்டுகளின் துண்டுகளை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டிய ஒரு ஆய்வில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 தடவைதான் சொந்த வாழ்க்கை நினைவு எழுந்தது. பொதுவாக 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையே பதிந்தவை மற்ற வயதுகளில் பதிந்தவற்றைவிட அதிகமாக வருகின்றன. பள்ளி விடுமுறையில் படித்த நாவல் இவ்வளவு ஒட்டிக்கொண்டதில் வயதுக்கும் பங்கு உண்டு.

பாட்டின் எந்த அம்சம் திறவுகோலாகிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். சொற்பட்டியலைக் கேட்கும்போது பின்னணியில் இசை ஓடவிட்டு, நினைவுகூரும்போது அந்த இசையை மாற்றிப் பார்த்தார்கள். வேகம் மாறினால் நினைவு குறைந்தது. வேகம் அப்படியே இருந்து வாத்தியம் மட்டும் மாறினால் குறையவில்லை. பழைய பாட்டை வேகமாக்கிப் புதிதாக வெளியிடும் பதிப்பைக் கேட்டு ஒன்றும் வரவில்லை என்றால் அசல் பதிவைத் தேடிக் கேளுங்கள். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் அதே நடையில் வாசித்தாலே கூட வந்துவிடலாம்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான விதி. ஒரு நுனியில் எத்தனை நினைவுகள் கட்டியிருக்கின்றனவோ அந்த அளவுக்கு அது பலவீனம். 1975இல் வாட்கின்ஸ் என்ற ஒரே பெயர் கொண்ட ஆய்வாளர்கள் இருவர் இதைக் காட்டினார்கள். ஒரு புத்தகத்துக்கு மட்டும் சொந்தமான பாட்டு அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரும். நூறு சந்தர்ப்பங்களில் கேட்ட பாட்டு எதையும் தனியாகக் கொண்டுவராது. திண்ணைக்கு நேர்ந்ததும் இதுதான். அந்தத் திண்ணையில் அவர் ஒரு நாவல் மட்டுமா படித்தார்? வீட்டுப்பாடம் எழுதியிருப்பார், சாப்பிட்டிருப்பார், விருந்தாளிக்குப் பாய் விரித்திருப்பார், காய்ச்சலில் படுத்திருப்பார். இருபது வருடத்து வாழ்க்கை அதில் குவிந்து கிடக்கிறது. திண்ணை எதை எடுத்துக் கொடுக்கும்?

இன்னொரு காரணமும் இருக்கலாம். நம் கடற்கரையில் ஒரே இடம் வருடத்தில் இரண்டு இடமாக இருக்கிறது. மண்டபம் முதல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்வழக்கில் வடகடல், தென்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழ். வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் பருவத்துக்குத் தகுந்தபடி கரை மாற்றிக்கொள்வது இதற்காகத்தான். கீழக்கரை தென்கடலைப் பார்த்த ஊர். கோடை விடுமுறையில் படித்தவருக்குப் பதிந்தது கச்சானின் இரைச்சல், மணல் கலந்த வறண்ட காற்று, ஓலை அடித்துக்கொள்ளும் சத்தம். அவர் விடுப்பில் வந்தது டிசம்பரில் என்றால், திண்ணை அதேதான், ஆனால் காது கேட்பதும் தோல் உணர்வதும் வேறு. ஈரக்காற்று, அடங்கிய கடல், சீக்கிரம் மங்கும் மாலை. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்வேன். அப்போது விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். துறைமுகங்களில் எஞ்சின் சத்தம் இல்லாத அந்த அமைதியும் விடுமுறை நினைவின் ஒரு பகுதி. பலருக்கு அது ஒரு பகுதி என்பதே தெரியாது.

வாசனையை விட்டுவிடக் கூடாது. மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் மேற்பரப்புக்குப் போகிறது. மூக்கிலிருந்து வரும் செய்தி அந்தச் சுற்றுவழியில் போகாமல் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு நெருங்கிய பாதையில் போகிறது. கரையில் காயப்போட்ட கடற்பாசி, கருவாட்டுக் கொட்டகை, புதுமழை பட்ட உவர்மண், இவற்றில் ஒன்று நீங்கள் படித்த நாளில் வீசியிருந்தால் பாட்டைவிட அது பலமாக இழுக்கும். என்ன, அதை வேண்டும்போது போட்டுக் கேட்க முடியாது.

இடமே இல்லாமல் போய்விட்டால்? நம் பக்கத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 1914 பிப்ரவரி 24இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்தார்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறி, மானாமதுரை, பரமக்குடி தாண்டும்வரை படித்துக்கொண்டு வந்து, மண்டபம் தாண்டியதும் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். வண்டி அங்கே ஊர்ந்துதான் போகும். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரத்துக்கு சக்கரத்தின் ஓசை மட்டும் மெதுவாக, விட்டுவிட்டுக் கேட்கும். படிப்பு நின்று, கதை மனதில் ஓடிக்கொண்டிருக்கும் இடைவெளி என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது. புதிய பாலத்தில் வண்டி அப்படி ஊர்வதில்லை, ஓசையும் வேறு. அந்தப் புத்தகங்கள் போய்விட்டனவா என்றால், இல்லை. ஸ்டீவன் ஸ்மித் என்ற உளவியலாளர் 1979இல் ஒரு சோதனை செய்தார். ஒரு அறையில் சொற்களைப் படித்த மாணவர்களை வேறு அறைக்குக் கொண்டுபோய், முதல் அறையை மனக்கண்ணால் நிதானமாகப் பார்க்கச் சொல்லிவிட்டு நினைவுகூரச் சொன்னார். பழைய அறைக்கே திரும்பிப் போனவர்களுக்கு ஏறக்குறைய சமமாக இவர்களுக்கும் வந்தது. ஆகவே கண்ணை மூடி, எந்தப் பக்க ஜன்னல், எதிர் இருக்கையில் என்ன இருந்தது, வெயில் எந்தக் கன்னத்தில் விழுந்தது என்று இரண்டு மூன்று நிமிடம் கட்டியெழுப்புங்கள். அதன் பிறகு புத்தகத்தைக் கேளுங்கள். நேரே புத்தகத்தின் மீது பாய்ந்தால் வராது.

படித்த இடம் ஒட்டிக்கொள்வது ஒரு வகை. இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு வகை உண்டு. அது கதைக்கு நாம் கடன் கொடுத்த இடம். கதையில் ஒரு துறைமுகம் வருகிறது, எழுத்தாளர் நாலு வரிதான் கொடுத்திருக்கிறார். மிச்சத்தை வாசகர் தன் கையிருப்பிலிருந்து நிரப்புகிறார். தொண்டியில் வளர்ந்தவருக்கு அது தொண்டித் துறை. மூக்கையூர்க்காரருக்கு மூக்கையூர்க் கோயில் கோபுரம் தெரியும் கரை. எந்த நாட்டு நாவலில் பாழடைந்த ஊர் வந்தாலும் ராமேஸ்வரம் பக்கத்து வாசகர் பலருக்கு 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் சர்ச் சுவர்தான் எழுந்து நிற்கும். ஹிப்போகாம்பஸ் பழுதுபட்டவர்களால் புதிய காட்சியைக் கற்பனை செய்யவும் முடிவதில்லை என்று ஹசாபிஸ், மக்வயர் குழுவினர் 2007இல் காட்டினார்கள். நினைவுகூர்வதற்கும் கற்பனைக்கும் மூளை ஒரே சரக்கைத்தான் பயன்படுத்துகிறது.

இரண்டு வகையையும் பிரித்தறிவது எளிது. நினைவில் எழும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா, கதாபாத்திரம் இருக்கிறாரா என்று பாருங்கள். தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்குப் போகும் நடைபாதையில் கதாநாயகி நடக்கிறாள் என்றால் அது கடன் கொடுத்த இடம். நடைபாதைச் சுவரில் நீங்கள் புத்தகத்தோடு சாய்ந்திருக்கிறீர்கள் என்றால் அது படித்த இடம். முன்னது கதைக்குள் ஊறிவிட்டது, அதை நேரில் போய்ப் பார்த்தால் நினைவு வலுப்படுவதைவிடக் கலைவதற்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் மனதிலிருக்கும் நடைபாதை கதைக்குத் தகுந்தபடி ஏற்கெனவே வளைந்திருக்கும். பின்னதை நேரில் போய்ப் பார்ப்பதில் பயன் உண்டு.

பாட்டு விஷயத்தில் இந்தக் கரைக்கு ஒரு கொடுப்பினை. தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இலங்கையின் தலைமன்னார். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இங்கே தெளிவாகக் கேட்டது, 1960, 70களில் படித்த தலைமுறைக்குப் பல புத்தகங்கள் அந்த ஒலியோடுதான் பதிந்திருக்கின்றன. இன்றும் ராமேஸ்வரம் தீவில் எஃப்.எம். திருப்பினால் அக்கரை நிலையங்கள் கிடைக்கும். காற்று அடங்கிய வெப்பமான மாலைகளில் கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது அலைகள் அந்த அடுக்குக்குள் வளைந்து வெகுதூரம் வரும், மறுநாள் அதே நிலையம் கரகரக்கும். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும் பாட்டு என்பதாலேயே அது எளிதில் தேயாது.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் பாட்டுகளும் அப்படித்தான். முளைப்பாரிக் கும்மி, தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கொடியேற்றத் திருநாட்களின் பாட்டு, ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவின்போது தெருவெங்கும் ஒலிக்கும் நாகூர் ஹனிஃபாவின் குரல் (அவர் பிறந்தது ராமநாதபுரத்தில்தான்). பத்து நாள் ஒலித்து, பதினோரு மாதம் மறைந்து, பழையபடி வரும். சந்தனக்கூடு இஸ்லாமியச் சந்திர நாட்காட்டியின் துல்கஃதா மாதத்தில் வருவதால் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வருடம் கச்சானில் கேட்ட பாட்டைப் பல வருடம் கழித்து வாடையில் கேட்பீர்கள். அப்போதும் புத்தகம் வந்தால் திறந்தது பாட்டு. வரவில்லை என்றால், முன்பு திறந்ததில் காற்றுக்கும் பங்கு இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனிச் செய்முறை. 200 முதல் 300 பக்கமுள்ள புத்தகம் ஒன்றை எடுங்கள், ஐந்தாறு அமர்வில் முடியும்படி. ஆயிரம் பக்க நாவல் மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குள் இடமும் பருவமும் மாறிவிடும். அதை இந்த முறைக்குப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் பாகத்துக்கு ஒரு பாட்டு, ஒரு இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடம் நீங்கள் தினமும் புழங்காத இடமாக, ஆனால் ஐந்தாறு தடவை போய்வரக் கூடியதாக இருக்கட்டும். குந்துகால் கரை, சேதுக்கரை, மண்டபம் வடகடல் பக்கத்துத் தென்னந்தோப்பு, தொண்டிக் கடற்கரை. ஒவ்வொரு முறையும் அதே திசையைப் பார்த்து, முடிந்தால் அதே நேரத்தில் உட்காருங்கள். காலை 6 முதல் 8.30 வரை அல்லது மாலை 4.30க்கு மேல். நண்பகலில் வெள்ளை மணலும் வெள்ளைத் தாளும் கண்ணைக் கூசவைக்கும், தலைவலிதான் பதியும். கச்சான் மாதங்களில் தென்கடல் ஓரத்தில் பக்கம் நிற்காது, மணல் முகத்தில் அடிக்கும். அப்போது வடகடல் பக்கம் போய்விடுங்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ரொம்பப் பிடித்த பாட்டை எடுக்கிறார்கள். அதில் ஏற்கெனவே காதலோ கல்லூரியோ ஏறி உட்கார்ந்திருக்கும், புதுப் புத்தகத்துக்கு இடம் கொடுக்காது. இதுவரை அதிகம் கேட்காத, ஆனால் கேட்கச் சகிக்கிற ஒன்றாக எடுங்கள், நாலைந்து நிமிட நீளம் போதும். படிக்கும்போது ஓடவிட வேண்டாம். நமக்குப் புரியும் மொழியில் வரிகள் ஓடினால் படிக்கும் வரிகளோடு மோதும். பின்னணிப் பேச்சு படித்துப் புரிந்துகொள்வதைக் கெடுக்கிறது, சொல்லில்லா இசை அவ்வளவாகக் கெடுப்பதில்லை என்பது சோதித்துப் பார்த்த முடிவு. பின்னணியில் ஏதாவது ஓடத்தான் வேண்டும் என்பவர்கள் வீணையோ புல்லாங்குழலோ வைத்துக்கொள்ளலாம். அக்கரைச் சிங்களப் பாட்டுகூடத் தமிழ்ப் பாட்டைவிடக் குறைவாகவே இடைஞ்சல் செய்யும். சரியான இடம், புத்தகத்தைத் திறக்குமுன் ஒருமுறை, நடுவே நீண்ட அத்தியாயம் முடிந்ததும் ஒருமுறை, மூடியதும் ஒருமுறை. அமர்வுக்கு மூன்று தடவை. அதற்குமேல் போனால் பாட்டு சலித்துவிடும், சலிப்பும் சேர்ந்து பதியும்.

பாட்டு ஓடும்போது செல்போனைப் பார்க்கக் கூடாது. அந்த நாலு நிமிடம்தான் ஒட்டும் நேரம். கண்ணுக்கு எதிரே உள்ளதையும் இப்போது முடித்த காட்சியையும் மாறி மாறி நினையுங்கள். கரையில் கவிழ்த்த வத்தை என்ற சிறு படகின் அடியில் ஒட்டிய சிப்பி, வலையின் நைலான் முடிச்சில் காய்ந்து வெளுத்த உப்பு, இப்படி அருகே இருக்கும் ஒரு சிறு பொருளைப் பிடித்துக்கொள்வது நல்லது. 'கடல்' என்ற பெரிய பொதுக்காட்சி எல்லாப் புத்தகத்துக்கும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் எதையும் தனியாகத் திறக்காது.

மூடிய பிறகு, வீட்டுக்குப் போகுமுன், படித்ததை இரண்டு வாக்கியத்தில் உங்கள் சொல்லில் எழுதுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பாட்டு திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் படித்த நேரத்தின் நிலையைத்தான். யார் யாரிடம் என்ன சொன்னார், எந்த வாதம் எங்கே முறிந்தது என்பதெல்லாம் பாட்டால் வராது. அவற்றைத் தக்கவைப்பது எழுதுவதும் எடுத்துச் சொல்வதும்தான். எழுதாமல் பாட்டை மட்டும் நம்பினால் சில வருடத்தில் புத்தகத்தின் வாசனை இருக்கும், புத்தகம் இருக்காது. சொந்தப் புத்தகம் என்றால் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் இடம், மாதம், காற்று, பாட்டு நாலையும் குறியுங்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்காமல் தனித் துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்கு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: இப்போது மெஷினில் வரும் டிக்கெட், மையில்லாமல் வெப்பத்தால் எழுத்து கறுத்துப் பதியும் தாள், நம் வெயிலுக்குச் சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். பின்பக்கத்தில் ஊர் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி வையுங்கள். உப்புக்காற்றில் பின் அடித்த புத்தகங்களின் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும் என்பதால் கரைக்குக் கொண்டுபோக நூலால் தைத்த புத்தகமே நல்லது.

புத்தகம் முடிந்ததும் பாட்டை ஒதுக்கிவிடுங்கள். செல்போனில் உள்ள பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், தானாக அடுத்தடுத்த பாட்டு ஓடும் வசதியில் அது சிக்கக் கூடாது. ரிங்டோனாக வைத்தால் ஒரே வாரத்தில் எல்லா நினைவும் கரைந்து கடன்காரர் குரல்தான் நினைவுக்கு வரும். மூன்று மாதம் கழித்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். புத்தகத்தைத் திறக்குமுன் மனதில் வந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள், அதன் பிறகு உங்கள் இரண்டிரண்டு வாக்கியக் குறிப்போடு ஒப்பிடுங்கள். வராமல் போனால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பாட்டில் முன்பே வேறு நினைவு இருந்தது, இடைவெளியில் செல்போன் புகுந்தது, அதே பாட்டில் இரண்டு புத்தகம் படித்தது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் திறக்காமல் வைத்திருந்தால் நெடுங்காலம் நிற்கும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான யோசனை. தேர்வு அறையில் பாட்டும் இருக்காது, கடற்கரையும் இருக்காது. ஒரே இடத்தில் ஒட்டவைத்த பாடம் அங்கே கைவிடலாம். 1978இல் நடந்த சோதனையில், ஒரே பட்டியலை இரண்டு வெவ்வேறு அறைகளில் படித்தவர்கள், ஒரே அறையில் இரண்டு முறை படித்தவர்களைவிடப் புதிய அறையில் நன்றாக நினைவுகூர்ந்தார்கள். நூலகத்தில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை, பள்ளி மைதானத்தில் ஒருமுறை என்று அதே பாடத்தை இடம் மாற்றிப் படியுங்கள், பாட்டில்லாமல்.

வேண்டாத பிடிப்பும் உண்டு. ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்தபோது படித்த புத்தகம், அப்போது வார்டில் கேட்ட பாட்டு. அந்தப் பாட்டைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது, அந்த எழுத்தாளரைத் தொடவே முடியவில்லை என்பார்கள். பாட்டைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால் அது அந்த ஒரே நினைவுக்குச் சொந்தமாகவே நின்று கூர்மை குறையாமல் இருக்கும். மனம் ஓரளவு தாங்கும் காலம் வந்த பிறகு, அதே விதியைத் திருப்பிப் பயன்படுத்துங்கள். பாட்டைச் சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, பேருந்தில், நண்பர்களோடு என்று பல இடத்தில் சும்மா ஓடவிடுங்கள். புத்தகத்தையும் வேறு ஊரில், வேறு பருவத்தில், முடிந்தால் வேறு பதிப்பில் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். அட்டையும் எழுத்தளவும் மாறுவதே பாதி வேலையைச் செய்துவிடும். பழைய நினைவு அழியாது. ஆனால் அந்த நுனியில் வேறு பல நினைவுகளும் சேர்ந்துவிடுவதால் அது ஒன்று மட்டுமே வருவது குறையும்.